பிரித்துவிடத் துணி இல்லாத ஜாக்கெட்

1

எங்கள் மகள் கோமதியின் முதல் பிறந்தநாளுக்கு வந்திருந்தவர்கள்: நான், என் மனைவி செல்வி, பேறுகாலத்தில் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட மருத்துவச்சி உர்சுலா. வராதவர்கள்: சங்கரன்கோவிலில் இருக்கிற என் அப்பா, அம்மா, தம்பி மணி, அவனுடைய புது மனைவி, வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்த என் அக்கா முத்துலட்சுமி, குருவிகுளத்தில் இருக்கிற செல்வியின் அம்மா. வராதவர்கள் எல்லோரும் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்தார்கள். அதை வந்ததாக எடுத்துக்கொள்வதா, வராததாக எடுத்துக்கொள்வதா என்று ஊரை விட்டு வந்த ஆறு வருஷமாக எனக்குத் தெரியவில்லை.

கேக்கை வெட்டினோம். கோமதி கத்தியைப் பிடித்திருந்த என் கையைக் கடித்தாள். போனுக்குள் எல்லோரும் கை தட்டினார்கள். நான் செல்விக்கு ஒரு துண்டு வெட்டி எடுக்கும்போது அக்கா குரல் கேட்டது.

"ஏலே சங்கரா, அவளுக்குச் சின்னத் துண்டாக் குடு. மறுபடியும் கன்னம் உப்புன மாதிரி இருக்கு."

போனுக்குள் சிரிப்பு. உர்சுலாவுக்குத் தமிழ் தெரியாது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்தார். செல்வி தட்டை வாங்கவே இல்லை. கோமதிக்குப் பசிக்கிற நேரம் என்று சொல்லி, பால் பாட்டிலைக் கழுவ அடுப்படிக்குப் போய்விட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஒரு பாட்டிலைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

அந்தச் சிரிப்பில் என்ன தப்பு, வீட்டுக்குள் ஒரு கேலி கிண்டல் கூடாதா என்று ஊரில் இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் இருப்பது ஜெர்மனியின் தெற்கே, நம் சிவகிரி அளவுகூட இல்லாத ஓர் ஊர். இயந்திர உதிரிப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு விசைத்தறிக்குப் போனாள். நான் இன்ஜினீயரிங் படித்தது பாதிக்கு மேல் அவளுடைய தறிக்கூலியில். இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நான் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பது யாருக்கும் விளங்காது.

படித்தவன் என்று வீட்டில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. பட்டா மாறுதலா, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதா, அப்பாவுக்குக் கண் ஆபரேஷனா, எதற்கும் "சங்கர்ட்ட ஒரு வார்த்தை கேளு" என்பார்கள். படித்தவனிடம் கேட்கவே கூடாத விஷயங்களும் உண்டு. பிள்ளை பெற்றவள் என்ன சாப்பிட வேண்டும், பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அது பெண்களின் இலாகா. அந்த இலாகாவின் தலைமை அக்கா.

பிரசவத்துக்கு செல்வியின் அம்மா வருவதாக இருந்தது. விசா கிடைக்கவில்லை. திரும்பிப் போவார் என்று நம்பக் காரணம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அத்தைக்குக் குருவிகுளத்தில் இருபது உருப்படி ஆடு இருக்கிறது. ஆட்டை விட்டுவிட்டு ஆடித்தபசுக்குக்கூட அவள் சங்கரன்கோவிலில் ராத்தங்கினது கிடையாது. சப்பரம் பார்த்த கையோடு கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவள். இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது ஆடுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். சொத்துக்கு ஆவணம் போதாது என்று பதில் வந்தது. ஆட்டுக்கு எந்தத் தாசில்தார் பட்டா கொடுக்கிறார்?

"விடுங்க மருமவனே," என்றாள் அத்தை போனில். "என்னய ஒரு களவாணியா நெனச்சுட்டாவ. நீங்க பாத்துக்கிட மாட்டியளா?"

பார்த்துக்கொண்டேன். என்னால் முடிந்தவரை.

3

வலி எடுத்து ஒரு நாள் முழுக்கக் கிடந்து, கடைசியில் ஆபரேஷன் செய்துதான் கோமதியை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த முதல் மாதம் செல்வி பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். "தண்ணி கொஞ்சம்" என்று ஆரம்பிப்பாள். நான் டம்ளரோடு வரும்போது வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பாள். மடியில் குழந்தை குடித்துக்கொண்டே இருக்கும்.

ஊரில் செல்வி பி.காம். முடித்து ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். ஸ்கூட்டியில் ராஜபாளையம் ரோட்டில் லாரியை ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடிக்கிறவள். இங்கே வந்ததும் எல்லாவற்றுக்கும் நான். வீட்டுக்காரர் கடிதமா, நான். டாக்டருக்குப் போன் செய்வதா, நான். பக்கத்து வீட்டுக்காரி படிக்கட்டில் நிறுத்தி என்னவோ கேட்டால் அதற்கும் சாயங்காலம் நான் வந்து பதில் சொல்ல வேண்டும். அப்படி இருந்தவள் ஒருநாள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"இந்த ஊர்ல ஒங்களக் கேக்காம நான் செய்யுத ஒரே காரியம் இதுதான், தெரியுமா? இதுக்கு ஃபாரம் நெரப்ப வேண்டாம். பாஷை தெரிய வேண்டாம். அவ அழுதா, நான் எடுக்கேன், அவ அழுகையை நிறுத்துதா. முடிஞ்சு போச்சு. ஒரு வருசம் கண்டிப்பாக் குடுப்பேன். யாரு என்ன சொன்னாலும் சரி."

வேறு எதையும் அவள் என்னிடம் இவ்வளவு உறுதியாகக் கேட்டதில்லை. நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. இது ஒன்றைத்தான் கேட்டாள். அதுவும் கேட்கவில்லை, சொன்னாள்.

முதல் மூன்று மாதம் உர்சுலா வாரம் இரண்டு முறை வருவார். அறுபதை நெருங்குகிறவர், உரத்த குரல், மழையோ பனியோ சைக்கிள். குழந்தையை ஒரு துணித் தூளியில் போட்டுத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்ப்பார். செல்வி வயிற்றைத் தொட்டுக் காட்டி, இது எப்போது குறையும் என்று என்னைக் கேட்கச் சொன்னாள். உர்சுலா சொன்னதை வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தேன். பால் கொடுக்கிற வரைக்கும் பட்டினி என்ற பேச்சே கூடாது. பசித்தால் சாப்பிடு, தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடி. முடிந்தபோது நட. மெல்ல மெல்லத் தானே இறங்கும். ஒன்பது மாதம் ஏறியதை ஒன்பது வாரத்தில் இறக்க ஆசைப்படாதே.

அன்றைக்குச் சாப்பாடு முடித்திருந்த செல்விக்கு உர்சுலா ஒரு ரொட்டித் துண்டை நீட்டினார். "அவள் நிறைந்திருக்கிறாள்" என்றேன், வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்வதாக நினைத்து. உர்சுலா ஒரு கணம் செல்வியைப் பார்த்தார், பிறகு எங்கள் அலமாரியைப் பார்த்தார், பிறகு பெரிதாகச் சிரித்தார். குடித்துவிட்டுப் போதையில் இருப்பவரைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்களாம்.

என்ன சாப்பிடுவது என்பது எனக்குப் பெரிய கேள்வியாக இல்லை. பூண்டுக் குழம்பு, கருவாடு, முருங்கைக்கீரை எல்லாம் அம்மா போனில் சொல்லிவிட்டாள். கீரை பக்கத்து நகரத்தில் ஆசியக் கடையில் உறையவைத்த பொட்டலமாகக் கிடைத்தது. எப்படிச் சாப்பிடுவது என்பதுதான் கேள்வி. நம் சாப்பாட்டுக்கு ஒரு தட்டும், உட்கார ஓர் இடமும், காலியான ஒரு வலது கையும் வேண்டும். செல்விக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வாய்த்ததே இல்லை. குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு ஆறி, காய்ந்து, ஓரம் தூக்கிக் கிடக்கும். பசி பொறுக்காமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் பிரிப்பாள். எடை ஏறியது பூண்டுக் குழம்பால் இல்லை. யாரும் இல்லாத வீட்டில், ஒரு கையால் பிரித்துத் தின்ற பிஸ்கட்டால்.

அதற்குப் பிறகு ஒரு கையில் எடுத்துத் தின்னும்படி சமைத்தேன். காலையில் வேலைக்குப் போகுமுன் கேப்பை மாவில் முருங்கைக்கீரை போட்டுக் கொழுக்கட்டை. கிண்ணத்தில் சுண்டல். உரித்த முட்டை இரண்டு. பருப்பும் நெய்யும் போட்டு எலுமிச்சை அளவில் பிடித்த சோற்று உருண்டை. வாயைத் திருகாமல் திறக்கிற பாட்டிலில் தண்ணீர். எல்லாவற்றையும் அவள் உட்கார்ந்து பால் கொடுக்கிற நாற்காலிக்கு வலது பக்கம் ஒரு முக்காலியில் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் காலியாக இருக்கும். குளிர் விட்டதும் ஆற்றோரமாகத் தள்ளுவண்டியோடு நடக்கத் தொடங்கினாள். மூன்றாம் மாதத்தில் முகத்தில் ரத்தக்களை வந்தது. எடையும், உர்சுலா சொன்னபடி, சத்தமில்லாமல் கொஞ்சம் இறங்கத் தொடங்கியிருந்தது.

அந்த முக்காலியை நினைத்து நான் பெருமைப்பட்டேன். இந்த நாட்டில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

4

ஆவணியில் மணிக்குக் கல்யாணம் என்று முடிவானது. சித்திரையிலேயே வாட்ஸப்பில் "கல்யாண வீடு" என்று ஒரு குழு முளைத்துவிட்டது. வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே கத்தரிப்பூ நிறத்தில் பட்டு. அதற்கு ஆரி வேலை செய்த ஜாக்கெட். மூத்த மருமகள் என்பதால் மண்டபத்தில் புதுப்பெண்ணுக்கு ஆரத்தி எடுத்து அழைப்பது செல்வி.

"ஆரிக்கு இப்பமே குடுத்தாத்தான் ஆவணிக்குக் கெடைக்கும்," என்றாள் அக்கா வீடியோ காலில். "செல்வியோட அளவு ஜாக்கெட் அம்மா பெட்டியில கெடந்துச்சு. ஒங்க கல்யாணத்துக்குத் தச்சது. அதையே குடுத்துட்டேன்."

செல்வி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "மைனி, அது எனக்கு இப்பச் சேராதே. புதுசா அளவெடுத்து அனுப்புதேன்."

"சேரும், சேரும். இன்னும் நாலு மாசம் கெடக்குல்லா? டெய்லர் அண்ணாச்சிகூடக் கேட்டாரு, பிள்ளை பெத்த உடம்பு, உள்ள ரெண்டு இஞ்சு துணி விடட்டுமாம்மான்னு. வேண்டவே வேண்டாம்னுட்டேன். துணி விட்டா நீ எளைக்கவே மாட்ட!"

அம்மா பின்னாலிருந்து சிரித்தாள். மணி சிரித்தான். செல்வியும் சிரித்தாள், வேறு என்ன செய்வது.

தையல் தெரியாத ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் டெய்லர்கள் எந்த ஜாக்கெட்டிலும் பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணியை மடித்து விடுவார்கள். உடம்பு போட்டால் ஒரு வரித் தையலைப் பிரித்துக்கொள்ளலாம், இளைத்தால் பிடித்துக்கொள்ளலாம். பெண் உடம்பு ஒரே அளவில் நிற்காது என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு. வெளியே யாருக்கும் தெரியாது. போட்டிருப்பவளுக்கு மட்டும் தெரிகிற ஒரு சலுகை. ஆரி வேலை என்றால் அதற்கும் முன்யோசனை வேண்டும். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அளவு வரைந்து, ஜரிகையும் மணியும் கோத்த பிறகுதான் வெட்டுவார்கள். அளவு ஒருதரம் வரைந்தால் வரைந்ததுதான். அந்தச் சலுகையைத்தான் அக்கா வேண்டாம் என்றாள். அன்பினால்தான்.

ஆரி வேலை பாதி முடிந்த ஜாக்கெட் துணியின் படத்தை அக்கா குழுவில் போட்டாள். அதோடு ஆலோசனைகளும் வரத் தொடங்கின. கொள்ளுக் கஞ்சி. வெறும் வயிற்றில் வெண்பூசணிச் சாறு. ராத்திரி சாப்பாடு கட். தண்ணீர் அதிகம் குடித்தால் பிள்ளை பெற்ற வயிறு வடியாது, தொண்டை நனைய மட்டும் குடி. யாரோ ஒருத்தி, எனக்குச் சித்தி முறை, பிரசவம் முடிந்து மூன்றே மாதத்தில் பழையபடி ஆன சிவகிரிப் பெண் ஒருத்தியின் படத்தைப் போட்டாள். அதற்குக் கீழே அக்கா: "ஏட்டி செல்வி, பாத்தியா?"

அதே வாரத்தில் செல்வியின் அம்மா போனில் பார்த்துவிட்டு அழுதாள். "என்ன தாயி, எலும்பும் தோலுமா இருக்க? அங்கன சோறு கெடைக்கலியா?" ஒரே உடம்பு. வாசுதேவநல்லூரிலிருந்து பார்த்தால் பருமன், குருவிகுளத்திலிருந்து பார்த்தால் மெலிவு. அந்த உடம்புக்குள் இருப்பவள் எப்படி இருக்கிறாள் என்று இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்கவில்லை.

5

அதே அளவில் தைத்த பழைய ஜாக்கெட் ஒன்று செல்வியின் பெட்டியில் இருந்தது. காலையில் குளித்ததும் அதைப் போட்டுப் பார்ப்பாள். கீழ்க்கொக்கி மட்டும் மாட்டியது. பிறகு அதற்கு மேலே ஒன்று. "மூணாவது கொக்கி மாட்டிட்டேன்" என்று ஒருநாள் சொன்னபோது முகம் பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம்போல இருந்தது. முக்காலியில் வைத்த கிண்ணங்களும் வழக்கம்போல் சாயங்காலம் காலியாக இருந்தன. எனக்குக் கவலைப்பட ஒன்றும் தெரியவில்லை.

ஐந்தாம் மாதத்தில் தடுப்பூசிக்குப் போனோம். குழந்தை டாக்டர் கோமதியைத் தராசில் படுக்கவைத்தார். எடுத்தார். மறுபடி படுக்கவைத்தார். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எடை ஏறவே இல்லை.

அம்மா என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் செல்வியைக் கேட்காமலே பதில் சொன்னேன். கேப்பை, கீரை, முட்டை, பருப்பு, சுண்டல். கேப்பை என்றால் என்ன என்று விளக்கினேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் செல்வியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். "இவர் போதுமான அளவு தண்ணீர்கூடக் குடிப்பதாகத் தெரியவில்லை" என்றார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. செல்வி தள்ளுவண்டியின் மூடியை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

"ஏங்க."

"சொல்லு."

"டாக்டர்ட்ட நீங்க சொன்னது ஒண்ணும் நெசம் இல்ல."

நான் அவளைப் பார்த்தேன்.

"கொழுக்கட்டையெல்லாம் ஆத்தோரமாப் போயி வாத்துக்குப் போட்டுட்டு வாரேன். ராத்திரி ஒங்க முன்னால தின்னுதேன்லா, அந்த ரெண்டு வாய்தான். பகல்ல கொள்ளுத் தண்ணி."

"எத்தன நாளா?"

"ஜாக்கெட் படம் அனுப்புனாவல்லா, அதுலேருந்து."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? உர்சுலா அவ்வளவு சொன்னாங்கல்ல..."

"உர்சுலாவா வந்து மண்டபத்துல நிக்கப் போறா? நாந்தான நிக்கணும்? எல்லாரும் பாக்க, ஆரத்தித் தட்ட வச்சுக்கிட்டு, முதுகுல ஊக்குக் குத்திக்கிட்டு நிக்கணும். வெளிநாட்டுல என்ன தின்னு கொழுத்தான்னு கேப்பாவ. ஒங்க அக்கா வீட்டுக்காரரு சொல்லுவாரு, மணி சொல்லுவான், ஒங்களயும் சேத்துத்தான் சொல்லுவாவ."

பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை. ஓட்டுநர் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டார்.

"பால் ஒரு மாசமாக் கொறைஞ்சு போச்சு," என்றாள், குழந்தையைப் பார்த்தபடி. "நானும் அவளும் மட்டுந்தான் அதத் தெரிஞ்சு வச்சிருந்தோம்."

6

அன்று சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டேன். இவ்வளவு நாளில் அவளிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"அக்கா, அந்த ஜாக்கெட்ட வேண்டாம்னு சொல்லிரு. வேற துணியில, வேற அளவுல தைக்கச் சொல்லு. பிள்ளைக்குப் பால் இல்ல."

"பால் இல்லன்னா என்ன அர்த்தம்? பூண்டு குடுத்தியா? சுறாப்புட்டு குடுத்தியா?"

"நீ பட்டினி கெடக்கச் சொல்லிட்டுப் பூண்டு குடுத்தியான்னு கேக்கியே!"

"நான் பட்டினி கெடக்கச் சொன்னேனா? கொறச்சுத் தின்னச் சொன்னேன். ரெண்டும் ஒண்ணால? படிச்சவன்தான நீ?"

"அவ பால் குடுக்கிறவ, அக்கா."

"நான் குடுக்கலியா? ரெண்டு பெத்தவ நானு. தறியில நின்னுக்கிட்டே பால் கட்டி நெஞ்சு நனைஞ்சு, துண்ட வச்சு அமுக்கிக்கிட்டு வேலை பாத்தவ. எனக்கு எவன் முட்டை அவிச்சு வச்சான்?"

அக்காவின் குரல் இறங்கியது.

"ஏலே, கேளு. எங்க கொழுந்தன் கல்யாணத்துக்கு, மூத்தவ பொறந்து அஞ்சு மாசம். ஜாக்கெட் பத்தாம முதுகுல நாலு ஊக்குக் குத்தி, முந்தானைய இழுத்துப் போத்தி நின்னேன். குனிஞ்சு ஆரத்தி எடுக்கையில ஊக்கு தெறிச்சுட்டு. மண்டபமே சிரிச்சுச்சு. ஒங்க மச்சான் ஒரு வாரம் என்கூடப் பேசல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் அழுதத அம்மாட்ட கேளு. அது அவளுக்கு வரக்கூடாதுன்னுதாம்ல நான் ஒத்தக் கால்ல நிக்கேன். நான் அவளுக்கு எதிரியா?"

அவளுக்கு ஊக்குத் தெறித்த அன்று நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தேன், அவள் அனுப்பிய பணத்தில். ஊக்குத் தெறித்ததற்குச் சிரித்தவர்களிடம் கேட்கவேண்டிய கணக்கை அவள் என் மனைவியின் பக்கத் தையலில் வைத்துத் தைத்துவிட்டாள். அது அவளுக்குத் தெரியவும் இல்லை. நான் சொல்லியும் புரியவில்லை. "ஆரி வேலை முடிஞ்சு போச்சுலே, இனி மாத்த முடியாது" என்று போனை வைத்தாள்.

செல்வியும் மாற்ற வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான்காவது கொக்கியும் மாட்டிவிட்டதாம்.

7

அதற்குப் பிறகு செல்வி ஒழுங்காகச் சாப்பிடத்தான் முயன்றாள். உர்சுலா மறுபடியும் வந்து தினமும் உட்கார்ந்தார். குழந்தையை அடிக்கடி போடு, ஓய்வெடு, மனதை விடு என்றார். மாலைக்குள் குழந்தை பசியில் அலறும். டாக்டர் சொன்னபடி பால் மாவு கரைத்துப் பாட்டிலில் கொடுத்தோம். பாட்டிலில் பால் உடனே வருகிறது. அம்மாவிடம் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். கோமதிக்கு வித்தியாசம் புரிய அதிக நாள் ஆகவில்லை. செல்வி எடுத்து அணைத்தால் முதுகை வில்லாக வளைத்து, கையால் தள்ளி, பாட்டில் இருக்கிற பக்கம் பார்த்து அழுவாள். பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்கே இருக்கிற தமிழர்கள், பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது ஆகும்போது கூடி உட்கார்ந்து புலம்புவார்கள். எங்களுக்கு அது ஆறாவது மாதத்திலேயே நடந்துவிட்டது.

இதற்கு நடுவில் குழந்தைக்குப் பாஸ்போர்ட். கண் திறந்து, வாய் மூடி, நேராகப் பார்க்கிற புகைப்படம் வேண்டும் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். பசித்த குழந்தை வாயை மூடாது என்பதை எந்த விண்ணப்பத்தில் எழுதுவது?

ஆவணியில் சங்கரன்கோவில் வந்து சேர்ந்தோம். மதுரையிலிருந்து காரில் வந்த அலுப்பு, வெயில், கூட்டம். வந்த அன்றைக்கே அக்கா ஜாக்கெட்டை எடுத்து வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போட்டுவிட்டாள். கடைசிக் கொக்கியும் மாட்டியது. கதவைத் திறந்து செல்வியைத் தோளைப் பிடித்து எல்லோருக்கும் திருப்பிக் காட்டினாள்.

"பாத்தியளா! ஒரு பிள்ளை பெத்தவ மாதிரியா இருக்கா?"

"ஒடம்பப் பூவா வச்சிருக்காளே!" என்றாள் சித்தி முறைக்காரி.

"எல்லாம் எங்க மைனியோட வேல," என்றாள் செல்வி. அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு சிரிப்பு இருந்தது. அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

முகூர்த்தம் நன்றாக நடந்தது. செல்வி குனிந்து ஆரத்தி எடுத்தாள், ஒன்றும் தெறிக்கவில்லை. எல்லோரும் போட்டோவுக்கு நிற்கும்போது கோமதி அழ ஆரம்பித்தாள். என் அம்மாவின் தோளில், அக்காவின் இடுப்பில், யார் கையிலும் நிற்கவில்லை.

"பசிக்கு அழுதா. ஏட்டி, அந்த ரூமுக்குள்ள போயி பாலக் குடுத்துட்டு வா," என்றாள் அக்கா.

செல்வி போனாள். நானும் பின்னாலேயே போனேன். கொக்கிகளை அவிழ்த்தாள். கடைசியாக ஒரு தடவை பிள்ளையை மார்பில் போட்டுப் பார்க்கிறேன் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அதுதான் கடைசி. குழந்தை வாயை வைத்தது, இழுத்தது, விட்டுவிட்டு வீரிட்டது. கொண்டுவந்த பால்மாவு டின் அம்மா வீட்டில் இருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடி ஒரு டின் வாங்கிவந்தேன். சமையல்காரரிடம் காய்ச்சிய தண்ணீர் வாங்கி, விசிறி ஆற்றி, கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோமதி பாட்டிலைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள்.

செல்வி எடுத்தாள், அழுகை நிற்கவில்லை. பாட்டில் வந்தது, நின்றுவிட்டது.

அக்கா உள்ளே வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். அவள் முகம் நிஜமாகவே வாடியது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன்.

"அய்ய, நெசமாவே வத்திட்டா? ஆறு மாசத்துலயேவா?" செல்வியின் கன்னத்தைத் தடவினாள். "பால் குடுக்கிறவ நல்லாத் தின்னணும்ட்டி. நீ ஒழுங்காத் திங்கவே இல்ல."

செல்வி கொக்கிகளை மேலிருந்து கீழாக மாட்டிக்கொண்டாள். போட்டோக்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், போய் நின்றாள். அந்தப் படம்தான் இப்போது ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் செல்வியைத்தான் முதலில் காட்டுகிறார்களாம்.

ஒரு வருஷம் கொடுப்பேன் என்று சொன்னவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. இங்கே திரும்பி வந்ததும் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாள். டாக்டருக்கு அவளே போன் செய்கிறாள், பஸ்ஸில் அவளே போகிறாள். நல்லதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்காமல் செய்கிற காரியங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. சாப்பாட்டையும் அவளே போட்டுக்கொள்கிறாள்; எவ்வளவு என்று நான் பார்த்தால் தட்டைத் திருப்பிக்கொள்கிறாள்.

பிறந்தநாள் முடிந்த மறுநாள் அக்கா கூப்பிட்டாள். கேக்கு விஷயத்தில் செல்வி கோபித்துக்கொண்டாளா என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு, பேச்சோடு பேச்சாக, "அந்தப் பால்மாவு டின்னெல்லாம் அங்கன என்ன வெலைல வருது?" என்று கேட்டாள். மணியின் மனைவி உண்டாகியிருக்கிறாளாம்.

மண்டபத்தன்று ஓடிப்போய் வாங்கிய டின்னையும் சேர்த்துக் கூட்டிச் சொன்னேன். கோமதியின் முதல் பிறந்தநாள் வரைக்கும் ஆனது, நம் ஊர்ப் பணத்தில் நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.